இரண்டாவது டிக்கெட்

சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டிக்குள் கண்ணை வைத்துத் தாஜ்மகால் பார்த்திருக்கிறீர்களா? சின்ன வயசில் நான் பார்த்திருக்கிறேன். படத்துக்குள்ளேயே போய்விடும் அந்த ஆசை ரொம்பப் பழசு. 1838-லேயே வீட்ஸ்டோன் என்ற ஆங்கிலேயர், இரு கண்ணுக்கும் வெவ்வேறு படம் காட்டி ஆழத்தை உணர வைத்துவிட்டார். இன்றைய விர்ச்சுவல் ரியாலிட்டி கேமுக்கும் அதுதான் அஸ்திவாரம்.

1984-ல் வந்தது இந்தியாவின் முதல் 3டி படம், 'மை டியர் குட்டிச்சாத்தான்'. குமரி மாவட்டத்துக்கு மலையாளப் படம் அந்நியமா என்ன? மறுவருஷமே தமிழில் 'அன்னை பூமி'. அப்புறம்? அலை ஓய்ந்தது.

1995-ல் நிண்டெண்டோ விட்ட 'வெர்ச்சுவல் பாய்' கேமில் எல்லாமே சிவப்பு. தலைவலி வேறு! ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. ஆனாலும் 2014-ல் ஆக்குலஸ் கம்பெனியை 200 கோடி டாலருக்கு வளைத்தது ஃபேஸ்புக்.

நான் படித்த காமர்ஸ் சொல்வது இதுதான்: முதல் டிக்கெட்டை ஆச்சரியம் விற்றுவிடும், இரண்டாவது டிக்கெட்தான் வியாபாரம். ஹெட்செட்டின் கனமும் தலைசுற்றலும் விலையும் குறைந்தால், வீட்டுக்கு வீடு வரலாம்.

ஆனால் ஒன்று. அன்றைக்குப் பெட்டிக்கு வெளியே, ''லேய் மக்கா, போரும், மாறுடே!'' என்று என் சட்டையை இழுக்க ஒருத்தன் நின்றான். பாதி சந்தோஷம் அவனால்தான். ஹெட்செட்டுக்குள் இருப்பவனின் சட்டையை யார் இழுப்பார்கள், சொல்லுங்கள்?