எக்காளம் ஊதிய பிள்ளைகள்

பியூகிள் என்று ஒரு வாத்தியம் இருக்கிறது. படை முகாம்களில் விடியற்காலையில் சிப்பாய்களைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதும், மாலையில் கொடி இறங்கும்போது முழங்குவதும், போரில் மாண்டவனைப் புதைக்கும்போது கடைசியாக அழுவதும் அந்த எக்காளந்தான். நம் நாயனத்தைப் போல அதற்குத் துளைகள் கிடையாது. டிரம்பெட்டைப் போல விரலால் அழுத்த வால்வுகளும் கிடையாது. வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று, ஊதுகிறவனுடைய உதடு, அவனுடைய மூச்சு, அவ்வளவுதான். ஆகவே அதிலிருந்து எழும் சுரங்கள் ஐந்தாறைத் தாண்டுவது அபூர்வம். ராகம் பாட அது உதவாது. ஆனால், 'எழுந்திரு', 'சாப்பிட வா', 'முன்னேறு', 'பின்வாங்கு' என்று ஆயிரம் பேருக்கு ஒரே சமயத்தில் உத்தரவு போடுவதற்கு, அந்தக் காலத்தில் அதைவிடச் சிறந்த கருவி இருந்ததில்லை.

உத்தரவு போடவே பிறந்த இந்த வாத்தியத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நூற்றாண்டாக அங்கே நடந்துவரும் அந்த விநோதத்துக்கு 'டிரம் அண்டு பியூகிள் கோர்' என்று பெயர். கோர் என்றால் படைப்பிரிவு. பெயரிலேயே ராணுவ வாடை வீசுகிறது அல்லவா? காரணம் இருக்கிறது.

முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் 1919-ல் 'அமெரிக்கன் லீஜன்' என்ற சங்கத்தை அமைத்தார்கள். அதற்கு ஊருக்கு ஊர் கிளைகள் தோன்றின. போருக்கு வேண்டியிருந்த டிரம்களும் பியூகிள்களும் அப்போது மிஞ்சிக் கிடந்தன. பழைய சிப்பாய்கள் அவற்றை எடுத்து முழக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஓர் ஊர்க்காரர்கள் ஊர்வலம் போனால் அடுத்த ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? போட்டி வந்தது. போட்டி வந்ததும் விதிகள் வந்தன, நடுவர்கள் வந்தார்கள், கோப்பைகள் வந்தன. சிறிது காலத்தில் பிள்ளைகளுக்கென்றே தனி அணிகள் பிறந்தன. லீஜன் கிளைகளும், மாதா கோவில்களும், சாரணர் படைகளும் அவற்றை நடத்தின.

அப்படிப் பிறந்த அணிகளில் ஒன்றின் கதையைச் சொன்னால் மற்றவற்றின் கதையும் பாதி சொன்னதாகிவிடும்.

நியூஜெர்சி மாநிலத்தில் பாசாயிக் நதிக்கரையில் கார்பீல்டு என்று ஒரு சிறு நகரம். கம்பளி ஆலைகளை நம்பி வாழ்ந்த ஊர். போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள் அங்கே நிறைய இருந்தன. 1926-ல் அந்த வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, மாதக்கணக்கில் போராடினார்கள். அந்தக் காயம் ஆறுவதற்குள் 1929-ல் பொருளாதார மந்தம் வந்தது. வேலை இல்லாத தகப்பன்மாரும், போக இடமில்லாத பையன்களும் தெருவில் நின்ற நாட்கள் அவை. அந்த நிலையில்தான், 1934-ல், 'ஹோலி நேம்' என்ற கத்தோலிக்க ஆலயத்தின் நிழலில் 'ஹோலி நேம் கேடட்ஸ்' என்ற பையன்களின் அணி பிறந்தது. ஹோலி நேம் என்றால் திருநாமம்.

வெஸ்ட் பாயிண்டு ராணுவக் கல்லூரி மாணவர்களின் உடையைப் பார்த்து அவர்களுக்கு உடுப்புத் தைத்தார்கள். அரக்குநிற மேல்சட்டை, வெளிர்நிறக் கால்சட்டை, தலையில் உயர்ந்த தொப்பி. ஆலைத் தொழிலாளியின் மகன் அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தபோது அவன் தாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க அதிகக் கற்பனை வேண்டாம். 1940-ல், அணி பிறந்த ஆறே வருஷங்களில், லீஜன் நடத்திய தேசியப் போட்டியில் அந்தப் பையன்கள் முதலிடம் பெற்றார்கள். அடுத்த வருஷம் அமெரிக்கா போரில் இறங்கியது. சிப்பாய்களைப் போல் உடுத்தி நடந்தவர்களில் பலர் உண்மைச் சிப்பாய்களாகவே கடல் தாண்டிப் போனார்கள்.

அந்தக் காலத்துப் போட்டி எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊதுவதற்கு முன்பே பரீட்சை தொடங்கிவிடும். பிள்ளைகள் வரிசையாக அசையாமல் நிற்க, நடுவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வருவார். பூட்ஸில் பளபளப்பு இல்லையா, குறை. பித்தான் கழன்றிருக்கிறதா, குறை. பிறகு மைதானத்தில் அணி நடக்கும்போதும் நடுவர்கள் தாளும் பென்சிலுமாகக் கூடவே திரிவார்கள். ஒருவன் கால் பிசகினால் ஒரு கோடு, ஒரு சுரம் தடுமாறினால் ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு மார்க்கில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். எவ்வளவு அழகாகச் செய்தார்கள் என்று எண்ணுவதைவிட எத்தனை தவறு செய்தார்கள் என்று எண்ணுவதே அந்தக் கணக்கின் தர்மம். கீழ்ப்படிதலை அளக்கும் தராசு என்று அதைச் சொல்லலாம்.

ஆனால் பிள்ளைகள் கையில் சென்ற எந்தக் கருவியும் இருந்தபடியே இருந்ததில்லை. ஐந்தாறு சுரங்களோடு எத்தனை நாள் திருப்திப்படுவது? முதலில் ஒரு வால்வு வந்தது. 1977-ல் இரண்டு வால்வுகளுக்கு அனுமதி கிடைத்தது. 1990-ல் மூன்றாவதும் வந்து எல்லாச் சுரமும் வாய்த்துவிட்டது. 2000-ல், ஜி சுருதியில்தான் ஊத வேண்டும் என்ற பழைய கட்டும் போயிற்று. எழுந்திரு என்று மட்டும் சொல்லத் தெரிந்த எக்காளம், மேதைகளின் பெரிய இசைக்கோவைகளையெல்லாம் பேசத் தொடங்கிவிட்டது.

வாத்தியம் மட்டுமா கட்டை அறுத்துக்கொண்டது? 1958-ல் கார்பீல்டு அணிக்கும் ஆலயத்துக்கும் உறவு முறிந்தது. வளர்த்த வீட்டைவிட்டு வெளியேறிய அணி 'கார்பீல்டு கேடட்ஸ்' ஆயிற்று. ஆனால் அணியின் சொந்தப் பாட்டில் திருநாமம் என்ற பழைய பெயர் அப்படியே நின்றது. புறப்பட்டு வந்த வீட்டின் பெயரை யாரால்தான் முழுக்க மறக்க முடிகிறது!

1971-ல் இதைவிடப் பெரிய கலகம் மூண்டது. விதிகளை வகுப்பவர்கள் பழைய சிப்பாய்கள். நடுவர்களை நியமிப்பவர்களும் அவர்களே. கூட்டம் கூட்டுகிற அணிகளுக்குக் கிடைப்பதோ சொற்பம். வியோமிங் மாநிலத்து ட்ரூப்பர்ஸ், சிகாகோ வட்டாரத்துக் கேவலியர்ஸ் முதலிய ஐந்து அணிகள் ஒன்றுகூடின. கிழக்கே கார்பீல்டு முதலிய அணிகளும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. இரண்டும் சேர்ந்து 'டிரம் கோர் இன்டர்நேஷனல்' என்ற சுதந்திர அமைப்பாயிற்று. 1972-ல் விஸ்கான்சின் மாநிலத்து வொய்ட்வாட்டர் என்ற சிற்றூரில் அதன் முதல் தேசியப் போட்டி நடந்தது. கலிபோர்னியாவின் அனஹெய்ம் கிங்ஸ்மென் அணி வென்றது.

சுதந்திரத்தின் முழு ருசியை உலகத்துக்குக் காட்டியவர்கள் கார்பீல்டு பிள்ளைகள் என்றால் மிகையாகாது. அதுவரை மைதானத்தில் நேர்கோடுகளும் சதுரங்களும்தான் நடந்தன. ஜார்ஜ் ஸிங்காலி என்ற வடிவமைப்பாளர் அந்தக் கோடுகளை வளைத்தார். நூற்று இருபத்தெட்டுப் பேர் ஓட, நதிபோல் வளைந்து, உடைந்து, மறுபடி கூடும் உருவங்களை 100 கஜ மைதானத்தில் எழுதினார். 1983, 1984, 1985 என்று தொடர்ந்து மூன்று வருஷங்கள் முதற்பரிசு. அதற்கு முன் அந்தப் போட்டியில் யாரும் அப்படி வென்றதில்லை. தவறுகளுக்குக் கோடு போடும் பழைய தராசும் 1984-ல் கைவிடப்பட்டது பொருத்தந்தான். 2011-க்குள் அந்த அணி பத்துமுறை வாகை சூடிவிட்டது.

இந்தப் புகழுக்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான ஊர்களில் இருந்த அணிகள் சில பத்துகளாகக் குறுகிவிட்டன. தெருப் பையன்களுக்காகப் பிறந்த கலை, ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் செலுத்தி, தேர்வில் வென்று சேரும் கலை ஆயிற்று. பெண்களும் சேர்ந்தார்கள். கார்பீல்டு அணி கார்பீல்டை விட்டே போய், பெயரிலிருந்தும் ஊரை உதிர்த்து, பென்சில்வேனியாவில் குடியேறியது. கோடை முழுவதும் இரவில் பஸ் பிரயாணம், ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துத் தரையில் படுக்கை, பகலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் பயிற்சி. வயது இருபத்திரண்டுக்குள்தான் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் விடைபெற வேண்டும். இவ்வளவு கஷ்டத்தையும் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிற பிள்ளைகளைப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறு பேர் ஒரே மூச்சில் ஊதி, ஒரே அடியில் நிற்கிற அந்தக் கணத்தை ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு அது வியப்பாகத் தோன்றுவதில்லை.

அந்தக் கணத்துக்கு அடியில்தான் ஆபத்தும் இருந்தது. சொன்னதைச் செய், எதிர்த்துக் கேட்காதே, வலித்தாலும் முகம் காட்டாதே. இந்தப் பாடத்தில் தேறிய பிள்ளைகள் நிறைந்த இடத்தில், உத்தரவு போடுகிறவன் தவறானவனாக இருந்தால் யார் கேட்பது?

2018 ஏப்ரலில் பிலடெல்பியாவின் முக்கியப் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. அணியின் நெடுநாளைய தலைவர் தங்களிடம் பாலியல் முறைகேடாக நடந்ததாக ஒன்பது பெண்கள் குற்றம் சாட்டினார்கள். பல பத்து வருஷங்களாகப் புதைந்து கிடந்த பேச்சு. செய்தி வந்தவுடன் அவர் பதவி விலகினார். அணி தன்னைத் திருத்திக்கொண்டு தொடர முயன்றது. இதர அணிகளுக்கும் சேர்த்துப் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு விதிகள் வந்தன. ஆனால் பழைய கணக்கு முடியவில்லை. 1980-களில், மைதானத்தில் கோப்பைகள் குவிந்த அதே காலத்தில், தனக்கு இழைக்கப்பட்டதாக ஒரு முன்னாள் உறுப்பினர் சொன்ன கொடுமை வழக்காக வந்தது. அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் 2024 ஜனவரியில் அணி கலைக்கப்பட்டது. பொருளாதார மந்தத்தையும், உலகப் போரையும், ஆலயம் கைவிட்டதையும் தாண்டி நின்ற அணி, தொண்ணூறு வயது நிறையும் வருஷத்தில் முடிந்தது.

வழக்குப் போட்டவர்களால்தான் அணி போயிற்று என்று வருந்தியவர்கள் உண்டு. அந்தக் கோடைக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் ஏமாற்றம் உண்மையானது. அவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். ஆனால் வீடு எரிந்ததற்குக் கூவியவளைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

பியூகிளின் வேலைகளை மேலே சொன்னபோது ஒன்றை விட்டுவிட்டோம். ராணுவத்தில் அதற்கு இன்னொரு வேலை உண்டு. நள்ளிரவில் முகாமில் தீப்பிடித்தால், எல்லோரையும் எழுப்ப அதை எடுத்து ஊத வேண்டும். தூங்குகிறவர்கள் அதிகாரிகளாக இருந்தாலும் எழுந்தாக வேண்டும். கார்பீல்டுப் பிள்ளைகளுக்குத் தொண்ணூறு வருஷங்களாக எத்தனையோ சுரங்கள் சொல்லிக் கொடுத்தார்கள்; இந்த ஒன்றை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பெண்கள் தாமாகவே கற்றுக்கொண்டு ஊதினார்கள்.