கோரம்

'கோர விபத்து' என்பதில் வரும் கோரம் வடமொழி, அச்சம் தருவது. சங்கக் கூட்டத்தில் "கோரம் இல்லை, ஒத்திவைப்போம்" என்கிறார்களே, கூட்டம் நடக்கத் தேவையான குறைந்த அளவு உறுப்பினர் எண்ணிக்கை, அது லத்தீன். நேர்ப்பொருள் 'எவர்களுள்' என்பதுதான். இங்கிலாந்தில் நீதிபதிகளை நியமித்த ஆணைகளில் 'எவர்களுள் இன்னார் ஒருவராவது இருக்க வேண்டும்' என்ற வாசகம் இந்தச் சொல்லில் தொடங்கியது. வெறும் வேற்றுமைச் சொல், நாளடைவில் பெயர்ச்சொல்லாகிவிட்டது!

1994-இல் இதை நுண்ணுயிரியலாளர்கள் கடன் வாங்கினார்கள். பாக்டீரியாக்கள் சிறு மூலக்கூறுகளை வெளிவிடும். கூட்டம் பெருகினால் அவற்றின் செறிவும் கூடும். ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்து ஒளிரும், நஞ்சு சுரக்கும், படலம் கட்டும். இதற்குக் 'கோரம் உணர்தல்' என்று பெயர். 'உணர்தல்' சற்று மிகை, நடப்பது வேதிவினை.

இந்தக் கோரத்தைக் கலைக்கும் பொருள்கள் தாவரங்களிலும் பாசிகளிலும் உண்டு. பூண்டை நசுக்கினால் கிடைக்கும் கந்தகச் சேர்மமான அஜோயீன் அப்படி ஒன்று. ஆஸ்திரேலியக் கடலின் டெலிசியா புல்க்ரா என்ற சிவப்புப் பாசியோ பாக்டீரியாவின் குறிமூலக்கூறைப் போன்ற ஃபியூரனோன்களைச் சுரந்து, அதை வாங்கும் புரதத்தைக் குலைக்கிறது. பாக்டீரியா சாவதில்லை, கூட்டம் இருந்தும் தீர்மானம் நிறைவேறாது. 'கோரம் கலைப்பான்' என்று தமிழில் சொல்லலாமே.