பணம் இருந்தால் ஆயுள் கூடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் மாணவர்களில் பலர் அமெரிக்காவில் இருக்கிறீர்கள், சிலர் ஜப்பானில். இரண்டும் பணக்கார நாடுகள்தான். ஆனால் ஜப்பானியரின் சராசரி ஆயுள் சுமார் 84, அமெரிக்கருடையது சுமார் 78. நாட்டு வருமானத்தில் மருத்துவத்துக்கு அமெரிக்கா செலவழிப்பது சுமார் 17 சதவீதம், ஜப்பான் 11 சதவீதம். அதிகம் செலவழிக்கும் நாட்டில் ஆயுள் ஏன் குறைவு?

1947இல், போரில் தோற்றிருந்த ஜப்பானில் ஆண்களின் சராசரி ஆயுள் 50, பெண்களுக்கு 54. அமெரிக்கர் அப்போதே 65ஐத் தாண்டியிருந்தார்கள். 1951 முதல் 1980 வரை ஜப்பானில் அதிகம் பேர் இறந்தது பக்கவாதத்தால். வடக்கே அகிதா மாகாணத்தில் பனிக்காலத்துக்கு எல்லாவற்றையும் உப்பில் போட்டு வைப்பார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 கிராமுக்கும் மேல் உப்பு! நம்ம காசிமேட்டுக் கருவாடும் ஊறுகாயும் நினைவுக்கு வருகிறதா?

அவர்கள் என்ன செய்தார்கள்? 1961இல் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வந்தது. சுகாதாரச் செவிலியர்கள் ஊர் ஊராகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், உப்பைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பக்கவாத மரணம் மளமளவென்று குறைந்தது. 1980களில் ஆயுளில் உலகின் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் உயர்ந்த சிகிச்சை உண்டு. ஆனால் காப்பீடு இல்லாதவர்கள் 2 கோடிக்கும் மேல். போதை தரும் வலிநிவாரணிகள், துப்பாக்கி, சாலை விபத்து ஆகியவை இளம் வயதிலேயே பலரைக் கொண்டுபோகின்றன. 2014இல் 78.9 ஆக இருந்த ஆயுள், கொரோனாவும் சேர்ந்துகொள்ள, 2021இல் 76.4 ஆனது. அமெரிக்கரின் வருமானத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே உள்ள இலங்கையில் ஆயுள் சுமார் 77. இலவச மருத்துவமனையும் வீடு தேடி வரும் மருத்துவச்சியும் அங்கே வெகுகாலமாக உண்டு.

நம்ம வடசென்னைக்கு வருவோம். துறைமுகம், மணலி ஆலைகள், எண்ணூர் மின் நிலையங்கள் என்று செல்வம் இங்கேதான் உருவாகிறது. அந்தச் சாம்பலும் புகையும் இங்கேயே தங்கிவிடுகின்றன. 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் எண்ணூர் எண்ணெய்க் கசிவையும் பார்த்தது, அம்மோனியா கசிவையும் பார்த்தது. என்னிடம் படித்த பிள்ளைகளின் அப்பாக்கள் எத்தனையோ பேர் ஐம்பதுகளிலேயே மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் போய்ச் சேர்ந்தார்கள். எல்லோரும் உழைத்துச் சம்பாதித்தவர்கள்தான். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டவர்கள்தான் குறைவு.

நாட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைவிட, அது ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் மருந்தாக, நல்ல காற்றாக வந்து சேர்கிறதா என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் செவிலியர் உங்கள் வாசலுக்கு வந்தால், "எனக்கு ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள். காற்றுக்காகக் கேள்வி கேட்கவும் தயங்காதீர்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள் இந்த வாரமே ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, எண்ணைக் கீழே பதிவிடுங்கள். வாத்தியார் காத்திருக்கிறேன்.