காரில் ஒரே நேரத்தில் பல வார்னிங் லைட் எரியுதா? செலவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை இவைதான்!

தர்மபுரி மாவட்டம் அரூரில் இருந்து சேலம் போக வேண்டுமென்றால் மஞ்சவாடி கணவாயைத் தாண்ட வேண்டும். சித்தேரி பக்கம் திரும்பினால் மலைப்பாதை. இப்படி ஒரு ரோட்டில் போகும்போது டேஷ்போர்டில் இன்ஜின் லைட், ஏபிஎஸ் லைட், சறுக்கும் கார் படம், ஸ்டீயரிங் படம் என நான்கைந்து விளக்குகள் ஒன்றாக எரிந்தால் யாருக்கும் பதற்றம் வரும். "இத்தனை லைட் எரியுதே, எத்தனை ஆயிரம் செலவாகுமோ" என்ற கவலையும் கூடவே வரும்.

ஆனால் ஐந்து விளக்கு எரிந்தால் ஐந்து பாகம் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. பல நேரங்களில் கோளாறு ஒன்றாகவே இருக்கும். அந்த ஒன்றைத் தேடாமல், விளக்குக்கு ஒரு பாகம் என்று மாற்றத் தொடங்கினால் பணம்தான் போகும், லைட் அணையாது.

முதலில் நிறத்தைப் பாருங்க

சிவப்பு என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் கவனமாக ஓட்டிச் சென்று சீக்கிரம் காட்ட வேண்டும். பச்சை, நீலம் பெரும்பாலும் தகவல் மட்டுமே.

ஆயில் கேன் படம் சிவப்பில் எரிந்தால் இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் இல்லை என்று பொருள். "ஊர் வந்துடுச்சு, இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்" என்று ஓட்டினால் இன்ஜினே சீஸ் ஆகிவிடலாம். வெப்பமானி படம் சிவப்பில் எரிந்தாலும் நிறுத்த வேண்டியதுதான். சூடு ஆறும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும்.

இன்ஜின் லைட் மஞ்சளாக நின்று எரிந்தால் மெதுவாக ஓட்டலாம். அதுவே விட்டு விட்டு மின்னினால் இன்ஜினில் மிஸ்ஃபயர் நடக்கிறது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், விலை அதிகமான கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை சீக்கிரம் நிறுத்த வேண்டும்.

மலை இறக்கத்தில் ஒரு எச்சரிக்கை

சிவப்பு லைட்டைப் பார்த்த பதற்றத்தில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கக் கூடாது. இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்கும் சில மிதிகளுக்குப் பிறகு கட்டையாகிவிடும். முதலில் ஓரம் கட்டி நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், பிறகு அணையுங்கள்.

ஏபிஎஸ் லைட் மட்டும் மஞ்சளில் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். திடீரென அழுத்தினால் சக்கரம் லாக் ஆகலாம், அவ்வளவுதான். ஆனால் ஏபிஎஸ்ஸுடன் சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிந்தால் விஷயம் வேறு. முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பும் நின்றுபோயிருக்கலாம். பிரேக் ஆயிலும் குறைந்திருக்கலாம். அந்த வண்டியை கணவாய் ரோட்டில் இறக்க வேண்டாம். மீட்பு வண்டியை வரவழைப்பதே சரி.

ஏன் எல்லாம் ஒன்றாக எரிகிறது?

இன்றைய காரில் இன்ஜின், பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கம்ப்யூட்டர் பெட்டி உண்டு. இவை 'கேன்' எனப்படும் இரட்டை வயர் பாதை வழியாகப் பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய முறை இது. ஒரு பெட்டி பேசாமல் போனால், அதன் தகவலை நம்பியிருக்கும் மற்ற பெட்டிகளும் புகார் சொல்லும். எல்லா பெட்டிகளுக்கும் பேட்டரியும் ஒன்று, எர்த்தும் ஒன்று. அங்கே தடுமாறினால் எல்லா லைட்டும் எரியும்.

சந்தேகம் 1: பேட்டரியும் டைனமோவும்

பேட்டரி டெர்மினலில் பச்சை, வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா, கிளாம்ப் ஆடுகிறதா, எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து மல்டிமீட்டர்.

• வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12 வோல்ட்டுக்குக் கீழே என்றால் சார்ஜ் தீர்ந்துவிட்டது.
• செல்ஃப் அடிக்கும்போது சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம்.
• இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். சில புதிய கார்களில் இது சூழலுக்கேற்ப ஏறி இறங்கும். 12-லேயே நின்றால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை.

ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. புது வண்டிகளில் அதைச் செய்யவே கூடாது. திடீரென எகிறும் வோல்டேஜ் கம்ப்யூட்டர் பெட்டிகளையே எரித்துவிடலாம்.

சந்தேகம் 2: பெல்ட்

பேட்டரி லைட், வெப்ப லைட் இரண்டும் எரிகிறது, ஸ்டீயரிங்கும் கனக்கிறது. மூன்று கோளாறு போலத் தெரியும். பல கார்களில் டைனமோ, தண்ணீர் பம்ப், ஹைட்ராலிக் ஸ்டீயரிங் பம்ப் மூன்றையும் சுற்றுவது ஒரே பெல்ட்தான். அது அறுந்தால் மூன்றும் நிற்கும். பானெட்டைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும். பெல்ட் இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கெட் போகும்.

சந்தேகம் 3: சக்கர சென்சார்

ஏபிஎஸ், சறுக்கல் தடுப்பு, ஹில் ஹோல்டு லைட்டுகள் ஒரு குழுவாக எரிந்தால் சக்கரத்தில் உள்ள வேக சென்சாரைப் பாருங்கள். ஒரு சென்சார் தரும் கணக்கைத்தான் இந்த மூன்றும் பயன்படுத்துகின்றன. சேறு அடைப்பது, பேரிங் ஆட்டம், பிரேக் வேலையின்போது இழுபட்ட வயர் ஆகியவை பொதுவான காரணங்கள். ஸ்கேனரில் நேரடி அளவுகளை வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டினால் போதும். மூன்று சக்கரம் 20 கி.மீ. காட்டி, ஒன்று மட்டும் பூஜ்யம் காட்டினால் ஆள் சிக்கிவிட்டார். பிரேக் பெடல் சுவிட்ச் கெட்டாலும் இதே குழு எரியலாம்.

மரவள்ளி, மஞ்சள் வயல் ஓரம் கொட்டகையில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த வயரையும் மறக்கக் கூடாது. வாட்டர் சர்வீஸில் இன்ஜின் மீது நேராகத் தண்ணீர் அடித்த பிறகு லைட் வந்ததென்றால், கனெக்டரில் ஈரம் புகுந்திருக்கலாம்.

கோடு என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் விற்கப்படும் கார்களில் ஓபிடி-2 எனும் சுயபரிசோதனை அமைப்பு கட்டாயம். 2020 ஏப்ரல் 1-ல் வந்த பிஎஸ்-6 விதி புகைக் கண்காணிப்பை இன்னும் இறுக்கியது. டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள 16 முள் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் கோடு வரும்.

கோடின் முதல் எழுத்து துறையைச் சொல்லும். பவர்டிரெயின் என்பதன் முதலெழுத்து வந்தால் இன்ஜின், கியர்பாக்ஸ். சேஸிஸ் என்பதன் முதலெழுத்தான 'சி' வந்தால் பிரேக், சக்கரம். பாடி என்பதன் முதலெழுத்து வந்தால் ஏர்பேக், கதவு போன்றவை. 'யு' வந்தால் பெட்டிகளுக்கு இடையிலான பேச்சு துண்டிப்பு. பவர்டிரெயின் வரிசையில் 0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், 0562 என்றால் மின்சாரம் குறைவு. யு 0100 என்றால் இன்ஜின் கம்ப்யூட்டருடன் தொடர்பு இல்லை. யு 0121 என்றால் ஏபிஎஸ் பெட்டியுடன் தொடர்பு இல்லை.

உதாரணமாக 0562, யு 0100, யு 0121 மூன்றும் ஒன்றாக வந்தால் ஏபிஎஸ் பெட்டிக்கு ஆர்டர் கொடுக்க ஓட வேண்டாம். முதலில் மின்சாரத்தைச் சரிசெய்யுங்கள். மற்ற இரண்டும் அதன் விளைவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதேபோல 0171 என்றால் பெட்ரோலை விடக் காற்று அதிகம் என்று பொருள். ஆக்ஸிஜன் சென்சார் கெட்டது என்று பொருள் இல்லை; கிழிந்த ஒரு காற்றுக் குழாய்கூட காரணமாகலாம். 0420 கன்வெர்ட்டரைக் காட்டினாலும், மிஸ்ஃபயர் கோடும் கூட இருந்தால் மிஸ்ஃபயரை முதலில் பார்க்க வேண்டும்.

போனுடன் இணையும் மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பல நேரம் இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் லைட் எரியும்போது அது "கோளாறு இல்லை" என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள். எல்லா பெட்டிகளையும் படிக்கும் ஸ்கேனர் தேவை.

அழிக்கும் முன் போட்டோ எடுங்க

லைட்டை அணைக்க கோடை அழிப்பதும், பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவதும் கோளாறைத் தீர்க்காது. கோடு பதிவானபோது வேகம், வெப்பம், இன்ஜின் சுற்று எவ்வளவு இருந்தது என்ற பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். மெக்கானிக்குக் கிடைக்கும் நல்ல துப்பே அதுதான்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

அரூரில் இருந்து தர்மபுரி சுமார் 40 கி.மீ., சேலம் சுமார் 60 கி.மீ. கம்பெனி சர்வீஸ் சென்டர் வரை போகும் முன் உள்ளூரிலேயே இந்த நான்கையும் முடித்துவிடலாம்.

1. எல்லா பெட்டிகளின் கோடுகளையும் எழுதி வாங்குங்கள். ஸ்கேனர் திரையையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
2. பேட்டரி, சார்ஜிங் வோல்ட் எவ்வளவு என்று கேளுங்கள்.
3. பாகத்தை மாற்றச் சொன்னால், வயரும் கனெக்டரும் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள்.
4. வேலை முடிந்து கோடை அழித்த பிறகு ஓட்டிப் பார்த்து, மீண்டும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். சாவியை ஆன் செய்ததும் எச்சரிக்கை விளக்குகள் சில நொடி எரிந்து அணைய வேண்டும். பழைய கார் வாங்கும்போது இன்ஜின் லைட்டோ ஏர்பேக் லைட்டோ அப்போதும் எரியவே இல்லை என்றால், கோளாறை மறைக்க யாரோ அந்த விளக்கையே துண்டித்திருக்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் ஸ்கேன் செய்து பாருங்கள்.