நம்பிக்கை பாதி, மருந்து பாதி - ஏர்வாடியில் இருந்து ஒரு பாடம்



எங்கள் நரிக்குடிப் பக்கம் ஒருவர் பேச்சைக் குறைத்து, சாப்பாட்டை வெறுத்து மூலையில் உட்கார்ந்துவிட்டால், வீட்டுப் பெரியவர்கள் "ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். அங்குள்ள தர்காவுக்கு எல்லா மதத்தவரும் நம்பித்தான் போகிறார்கள். அந்த நம்பிக்கை நிஜமாகவே ஏதாவது செய்கிறதா?

1980களில் அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் மனச்சோர்வு நோயாளிகள் 250 பேரை நான்கு பிரிவாக்கியது. இரண்டு பிரிவுகளுக்கு இருவகைப் பேச்சு சிகிச்சை, ஒன்றுக்கு இமிப்ரமின் மாத்திரை, இன்னொன்றுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. குணமாகும் என்று எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்பதையும் கேட்டு வைத்தார்கள். அந்தத் தகவல்களை அலசிய ஆய்வு 2002-ல் வந்தது. அதிகம் எதிர்பார்த்தவர்கள் சிகிச்சையில் அதிகம் ஒத்துழைத்தார்கள், நன்றாகத் தேறினார்கள். ஆக, நம்பிக்கை மந்திரம் இல்லை. அது நோயாளியைச் சிகிச்சையில் ஈடுபட வைக்கிறது.

அதே 2002-ல் நம் தமிழ்நாட்டைப் பற்றியும் ஓர் ஆய்வு வெளியானது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கவனித்தார்கள். இவர்களுக்கு இருந்தது மனச்சோர்வைவிடக் கடுமையான மனநோய்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். சிறப்புப் பரிகாரம் எதுவும் இல்லை. கூடவே சொந்தக்காரர் ஒருவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள், அவ்வளவுதான். நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது!

ஆனால் நம்பிக்கை மட்டும் போதாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களின் குடும்பங்களும் குணமாகும் என்று நம்பித்தானே விட்டுவிட்டுப் போயிருக்கும்? 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

இதில் நமக்கும் ஒரு வேலை உண்டு. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். இது தெரியாமல் நாலாம் நாளே "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். சாமி கும்பிடுகிறவர் கும்பிடட்டும். கூடவே, "கொஞ்ச நாள் ஆகும், ஆனா சரியாயிரும்" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கும் துணைக்குப் போவோம். சரியான எதிர்பார்ப்பைக் கொடுப்பதும் சிகிச்சையில் ஒரு பங்குதான்.