மரம் நடப் போறீங்களா? அந்த ‘தரிசு’ காடையின் வீடாக இருக்கலாம்

வார இறுதியில் உங்க அலுவலகத்தின் சிஎஸ்ஆர் குழு மரக்கன்று நட அழைக்குது. போய் இறங்கினால் முழங்கால் உயரப் புல்லும் அங்கங்கே இலந்தைப் புதருமாக ஒரு வெட்டவெளி. சும்மா கிடக்கிற நிலம்தானே என்று குழி தோண்டும் முன் இதைப் படிங்க.

ஓட்டலில் நீங்க சாப்பிடும் காடை, பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை. காட்டுக் காடைகள் வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வேட்டையாடுவது குற்றம். அதில் ஒன்றான மழைக்காடையின் அறிவியல் பெயரில் நம்ம சோழமண்டலக் கரையே இருக்கு: கோட்டர்னிக்ஸ் கோரமண்டலிகா.

சட்டம் பறவையைக் காக்குது. அதன் வீட்டை? மத்திய அரசின் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர் நிலமும் ‘தரிசு’ வகைதான். இந்த ஒரு சொல் போதும், சோலார் திட்டமும் மரம் நடும் திட்டமும் அங்கே கண் வைக்க.

காடைக்கு எப்படிப்பட்ட புல்வெளி வேண்டும்?

காடை தரையில்தான் முட்டையிடும். பொரித்த சில மணி நேரத்தில் குஞ்சுகள் ஓடத் தொடங்கும். ஆரம்பத்தில் பூச்சிதான் முக்கிய இரை. பாய் விரித்தது போல அடர்ந்த புல்லில் அவ்வளவு சின்னக் குஞ்சு நகர முடியாது. புல் தூர் தூராக நிற்கணும், இடையில் மண் தெரியணும், மேலே மறைவும் இருக்கணும். ஓடி ஒளிய ஓரத்தில் புதர். நடுவில் உயரமான மரம் வைத்தால்? வல்லூறு உட்கார இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அதனால் வேலி போட்டு அப்படியே விட்டுவிடுவதும் சரிவராது. மேய்ச்சலே இல்லாவிட்டால் புல் மண்டி, மரக்கன்றுகள் முளைக்கும், மிஞ்சினால் கட்டாந்தரை. பகுதி பகுதியாக மேய விடணும். எரிப்பதோ அறுப்பதோ கூடு கட்டும் காலத்தில் கூடாது, ஒரே நேரத்தில் முழு நிலத்திலும் கூடாது.

குஜராத்தின் சௌராஷ்டிராவில் ‘வீடி’ எனப்படும் புல்நிலங்களில், மழைக்காலம் முடிந்த பிறகே புல்லை அறுத்து, வறட்சிக் காலத் தீவனமாகச் சேர்ப்பார்கள். நோக்கம் மாடுதான். ஆனால் மழைக்காடையும் வரகுக்கோழியும் முட்டையிடுவது மழைக்காலத்தில் என்பதால் அவற்றுக்கும் லாபம்.

நேர் எதிரான கதை கட்ச் மாவட்டத்தின் பன்னி புல்வெளியில். உப்பு பரவுவதைத் தடுக்க 1960-களில் நட்ட சீமைக் கருவேலம் புல்வெளியையே விழுங்கத் தொடங்கியது. ‘காண்டோ பாவல்’, அதாவது பைத்தியக்கார வேலம் என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். வெட்டினால் மறுபடி துளிர்க்கும்; மால்தாரி மேய்ப்பர்கள் வேரோடு பிடுங்கிய இடங்களில்தான் புல் திரும்புது.

இமயமலைக் காடை இப்படி உயரப் புல்லும் புதருமான சரிவுகளில் வாழ்ந்தது. அது உறுதியாகக் கடைசியாகப் பதிவானது 1876-ல், நைனிடால் அருகே.

சிஎஸ்ஆர் குழுவிடம் இரண்டே கேள்வி கேளுங்க: இங்கே முன்பு காடு இருந்ததா, புல்லா? இப்போது யாருடைய ஆடு மாடு மேயுது? பதில் புல்தான் என்றால், கன்றுகளைத் தெருவோரத்துக்கோ பள்ளி வளாகத்துக்கோ கொண்டு போகலாம்.