பெரிக்கிளீஸும் ஏதென்ஸின் குடியாட்சியும்

மக்களை மக்களே ஆளவேண்டும் என்னுங் கொள்கை செயல்வடிவம் பெற்று விளங்கிய பண்டை நகரங்களுள் தலையாயது கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் ஆகும். அந்நகரை உன்னத நிலைக்கு உயர்த்திய பெருமை பெரிக்கிளீஸ் என்னும் அரசியலறிஞரையே பெரிதுஞ் சாரும். அவர்தம் ஆட்சியின் நிறைவையும் குறைவையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கி. மு. 495ஆம் ஆண்டளவிற் பிறந்த பெரிக்கிளீஸ் உயர்குடித் தோன்றல். தந்தையார் கி. மு. 479இல் பாரசீகரை முறியடித்த மிக்காலேப் போரிலே ஏதெனியருக்குத் தலைமை தாங்கியவர். தாய்வழி உறவினரான கிளைஸ்தெனீஸ் என்பாரே கி. மு. 508ஆம் ஆண்டளவிற் குடியாட்சிக்கு அடிகோலியவர். எனினும், அதன் பின்னரும் பழம்பெருங் குடியினரின் அரயோபாகஸ் சபை செல்வாக்குடன் விளங்கிற்று. கி. மு. 462ஆம் ஆண்டளவில் எபியால்தீஸ் அதன் அதிகாரங்களைக் குறைத்தார். அவருக்குத் துணைநின்ற பெரிக்கிளீஸ், அவர் கொலையுண்ட பின்னர் மக்கள் கட்சியின் தலைவரானார்.

பெரிக்கிளீஸ் செய்த சீர்திருத்தங்களுட் சிறந்தது, நீதிமன்றங்களில் அமரும் யூரிமாருக்கு நாட்படி வழங்கியமையாகும். ஆண்டுதோறும் 6000 குடிமக்கள் திருவுளச் சீட்டு மூலம் இப்பணிக்குத் தெரிவு செய்யப்பட்டனர். அன்றாடம் உழைத்து உண்பவன் ஒருநாளை மன்றத்திலே கழித்தால் அவன் வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம்? உரிமை ஏட்டிலிருந்தாற் போதாது. ஏழையும் அதனைப் பயன்படுத்த வழி வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

கலைத்துறையிலும் அவர் தொண்டு பெரிது. ஈஸ்கிலஸ் இயற்றிய 'பாரசீகர்' என்னும் நாடகம் கி. மு. 472இல் அரங்கேறியபோது அதன் செலவை ஏற்றவர் இளைஞரான பெரிக்கிளீஸே. கி. மு. 480இல் பாரசீகர் எரித்தழித்த அக்ரோபோலிஸ் குன்றின்மீது, கி. மு. 447இல் பார்த்தினன் கோயிற்றிருப்பணி தொடங்கிற்று. இக்தினஸ், கல்லிக்கிரதீஸ் என்போர் கட்டிடக் கலைஞராக, பொன்னாலும் தந்தத்தாலும் அதீனாத் தேவியின் திருவுருவைச் சமைத்தார் பிடியஸ். ஆயின், பாரசீகரை எதிர்க்கவென நேச நகரங்கள் சேர்த்த பொது நிதி கி. மு. 454இல் ஏதென்ஸுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. பிறர் பணத்தால் நகரை அலங்கரிப்பதா என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர். அக்கேள்வியை நாமும் புறக்கணித்தல் இயலாது.

அக்குடியாட்சியிலே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் குடியேறி வாழ்ந்த பிறநாட்டாருக்கும் வாக்குரிமை இல்லை. தாய், தந்தை இருவரும் ஏதெனியராயிருந்தாலன்றிக் குடியுரிமை இல்லையென, கி. மு. 451இல் பெரிக்கிளீஸே சட்டம் கொணர்ந்தார். பிற்காலத்தில் அச்சட்டம் அவரையே தாக்கிற்று. மிலேத்தஸ் நகரத்து அஸ்பாசியாவிடம் அவருக்குப் பிறந்த மைந்தன் அதனாற் குடிமகனாக முடியவில்லை. முந்திய மனைவியின் புதல்வர் இருவரும் கொள்ளைநோயால் மாண்டபின், மக்கள் இரங்கி அம்மைந்தனுக்குக் குடியுரிமை அளித்தனர்.

கி. மு. 443 முதல் ஆண்டுதோறும் படைத்தலைவராகத் தெரிவு செய்யப்பட்டவர் பெரிக்கிளீஸ். எனினும், கி. மு. 431இல் ஸ்பார்ட்டாவுடன் போர் மூண்டு, மறு ஆண்டிற் கொள்ளைநோயும் பரவவே, மக்கள் சினந்து அவரைப் பதவி நீக்கி அபராதமும் விதித்தனர். அவர் அத்தீர்ப்புக்குப் பணிந்தார். பின்னர் மக்களே அவரை மீண்டும் தெரிந்தனர். கி. மு. 429இல் அவரையும் அந்நோய் பலிகொண்டது.

பார்த்தினன் தூண்களினும் இந்நிகழ்ச்சியே பெரிக்கிளீஸின் பெருமைக்குச் சிறந்த சான்றென்பது எம் கருத்து. தன்னைத் தண்டிக்கும் ஆற்றலை மக்களிடம் வளர்த்து, அதற்குத் தானும் அடங்கி நின்ற தலைவர் உலகிற் சிலரே. அதே வேளையில், யாரை உள்ளே சேர்க்கின்றது என்பதோடு யாரை வெளியே நிறுத்துகின்றது என்பதையுங் கொண்டே ஒரு குடியாட்சியை அளத்தல் வேண்டும். நாளை பொறுப்பேற்கவிருக்கும் இளைஞராகிய நாம் ஏதென்ஸிடம் கற்கவேண்டிய பாடங்கள் இவ்விரண்டுமாம்.